கைகோர்வைக்கு ஒரு நாற்காலி

என் இடது முழங்காலுக்கு எங்கள் குடும்பம் சொல்லிவந்த காரணங்களை எல்லாம் நம்பினால் நான் ஒரு பெரிய வீரன். துடியலூர்க்காரர்களுக்கு நான் புல்லட்டிலிருந்து விழுந்தவன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் அத்தை வீட்டுச் சம்பந்திகளுக்கு, காலேஜ் டீமுக்குக் கபடி ஆடி மூட்டு விலகியவன். கோயில் நோம்பிக்கு மட்டும் தலைகாட்டுகிற தூரத்துச் சொந்தங்களுக்கு, தென்னை மரத்தில் ஏறி வழுக்கியவன். நான் புல்லட்டைத் தொட்டதில்லை. கபடியைக் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. காலேஜே தபாலில்தான் படித்தேன்.

ஒரு வளைகாப்புப் பந்தியில் துடியலூரும் ஈரோடும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டன. "கபடிங்களா? புல்லட்டுன்னல்ல சொன்னாங்க" என்று துடியலூர் கேட்டது. அப்பா சாம்பாரைப் பிசைந்துகொண்டே, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார். "கபடி ஆடிப்போட்டு புல்லட்டுல வாரப்பத்தானுங்க உழுந்தான்." இரண்டு ஊரும் திருப்தியாக மோர் வாங்கிக்கொண்டன.

உண்மை அவ்வளவு சுவாரசியமானது அல்ல. எனக்கு ஹீமோபிலியா. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் என் உடம்பில் பிறவியிலேயே ஊறுவதில்லை. சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டால் நான் செத்துவிடுவேன் என்று விஷயம் தெரிந்த சிலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. வெளியே வருகிற ரத்தம் யோக்கியமானது. கண்ணுக்குத் தெரியும், அழுத்திப் பிடிக்கலாம். உள்ளே கசிகிற ரத்தம்தான் ஆளை முடிக்கும். கொஞ்சம் அதிகம் நடந்தால், படியில் கால் பிசகினால், சில நாட்களில் எந்தக் காரணமும் இல்லாமலே, முழங்கால் மூட்டுக்குள் கசியும். மூட்டு பப்பாளிப் பழம் போல வீங்கும், தொட்டால் சுடும், வலி பேச்சை நிறுத்திவிடும். வீக்கம் வடிந்த பிறகு பார்த்தால் மூட்டு முன்னைவிடக் கொஞ்சம் கெட்டிருக்கும். எனக்கு இருபத்தாறு வயது நடக்கும்போதே இடது முழங்கால் எழுபதைத் தாண்டிவிட்டது. முழுதாக நீளாது, பாதிக்கு மேல் மடங்காது. தொடை சூம்பிப்போய் வேட்டிக்குள் இருக்கிறதா இல்லையா என்று நானே தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வைத்தியம் உண்டு. யாரோ தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்து உறைய வைத்த கிரையோ என்கிற மஞ்சள் திரவத்தை நரம்பில் ஏற்றுவார்கள். கோயமுத்தூர் ரத்த வங்கியில் அது இருக்கிற நாளில் இருக்கும். இல்லாத நாளில் ஐஸ்கட்டி வைத்துக்கொண்டு முருகனைக் கூப்பிட வேண்டியதுதான். எய்ட்ஸ் வருமோ என்கிற பயம் பையோடு சேர்த்து இலவசம். வெளிநாட்டில் இதற்குப் பொடியாகவே மருந்து வந்துவிட்டதாம். வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இந்தச் சீக்கு கண்டுபிடிக்கப்பட்டது என் காதுகுத்து விருந்தில். மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர் சின்ன வயதில் பல் பிடுங்கப் போய், ரத்தம் நிற்காமல் இறந்துவிட்டார். அதை எல்லோரும் மாரியாத்தா கோபம் என்று முடித்துவிட்டிருந்தார்கள். ஆகவே ஒன்றுவிட்ட மாமா மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். கிடாக்கறி வெந்து, பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி வாடகைக் கடைக்குத் திருப்பி அனுப்பிய பிறகும் என் காது ஒழுகிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "இது அம்மா வழியில் பையன்களுக்கு வரும். அம்மாவுக்கு ஒன்றும் செய்யாது" என்றார். நல்ல மனுஷர், உண்மையைத்தான் சொன்னார். அதை அப்பாவை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து அப்பா மரபியல் நிபுணர் ஆகிவிட்டார். என் அப்பா கந்தப்பன், பம்ப்செட் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர், ஏழாங்கிளாஸ் தாண்டாதவர். ஆனால் இந்த ஒரு பாடத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது. எனக்கு மூட்டு வீங்கினால், "எங்க வம்சத்துல இல்லாத சீக்கு." ஆஸ்பத்திரியில் சேர்த்தால், "எல்லாம் அவ வழி." ஈரோட்டு அத்தை நோம்பிக்கு வந்தால் பலகாரத் தட்டோடு அதையும் கொண்டுவந்து அம்மா முன்னால் வைப்பாள். அம்மா, பழனாத்தாள், வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள்தான். இந்தப் பேச்சு வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் என் தங்கை லோகப்பிரியாவுக்குக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை கதிர்வேல். வாழைத் தோட்டம், ரைஸ்மில், சிரித்த முகம். எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசுவதைப் போலீஸ்காரர்கள் வந்து கற்றுக்கொள்ளலாம். எந்தக் குலத்துக் கூட்டம், எந்தக் குலதெய்வம், கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், மாட்டுக்குச் சுழி எந்தப் பக்கம் என்பது வரை கேட்டார்கள். ஜாதகத்தில் எல்லாப் பொருத்தமும் பார்த்தார்கள். ரத்தத்தைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

பெண் பார்க்க வந்த அன்று என்னை முன்கூட்டியே ஒரு நாற்காலியில் நட்டுவைத்து, எழுந்திருக்கக் கூடாது என்று உத்தரவு. மாப்பிள்ளையின் தாய்மாமன், அறுபது வயசுப் பெரியவர், உள்ளே வந்து கும்பிட்டபோது நான் உட்கார்ந்தபடியே கும்பிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா, "விரதமுங்க" என்றாள். எழுந்து நிற்காமல் இருக்கிற விரதத்தை அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் பெரியவர் பக்தியோடு தலையாட்டினார். பேச்சு முடிந்தது, தேதி குறித்தார்கள்.

அப்புறம்தான் அப்பாவுக்குக் கைகோர்வை ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணின் உடன்பிறந்தவனும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கைகோர்த்துக்கொள்ள வேண்டும். அதை வைத்துத்தான் மங்கல வாழ்த்துப் பாடுவார்கள். பாட்டு நீளமானது. பாடுகிறவருக்குக் குரல் நன்றாக இருந்து, சபையும் தலையாட்டிவிட்டால் இன்னும் நீளும். எனக்கோ நாற்காலியில் உட்காருவதே ஒரு சாதனை. பெரியப்பா பையனை உட்காரவைக்கலாம். ஆனால் சொந்த அண்ணன் கல்லுப்போல மண்டபத்தில் இருக்க பங்காளி எதற்கு என்று கோபிக்காரர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் புல்லட்டும் போதாது, கபடியும் போதாது.

"பளகுனா மடங்கும்டா" என்றார் அப்பா. "துருப்புடிச்ச வால்வே எண்ணெய் உட்டு நாலு தடவை ஆட்டுனா நகருது. இது வெறும் முட்டிதானே?"

எனக்கு அப்போது சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் எல்லாம் தெரியும். ஆனால் தங்கை கல்யாணம். கூடத்தில் பாயை விரித்து, நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றி, மோட்டாரைப் பிரிக்கிற அதே கவனத்தோடு அப்பா என் முழங்காலை மடக்கினார். அது பாதியில் நின்றது. அவர் நிறுத்தவில்லை. உள்ளே ஏதோ பிய்ந்தது எனக்குத் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் முட்டி இரண்டு மடங்காகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். "பாத்ரூமுல வழுக்கிப்போட்டானுங்க" என்றார் அப்பா. வைத்தியம் பார்க்கிற டாக்டரிடமே பொய் சொல்கிற அளவுக்கு எங்கள் குடும்பம் தேர்ச்சி பெற்றிருந்தது. டாக்டர் நம்பினாரோ இல்லையோ, இன்னொரு தடவை இப்படி நடந்தால் மூட்டு அப்படியே நின்றுவிடும் என்றார். இடுப்புத் தசைக்குள் கசிந்தால் காலைப் பற்றிக் கவலைப்பட ஆளே இருக்க மாட்டான் என்றும் சொன்னார்.

கிரையோ ஏறிக்கொண்டிருக்கும்போது லோகப்பிரியா கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். அம்மா ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். எனக்குள்ளயும் இருக்குமா?"

அவளுக்கு இருபத்திரண்டு வயது. இத்தனை வருஷம் யாரும் அவளிடம் இதைச் சொன்னதில்லை, நான் உட்பட. சொன்னேன். இருக்கலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால் உனக்கு ஒன்றும் தெரியாது. உனக்குப் பிறக்கும் பையனுக்கு வரலாம், வராமலும் போகலாம். வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரிகளில் பரிசோதித்துச் சொல்கிறார்களாம்.

"அப்ப அவுங்ககிட்டச் சொல்லோணுமில்ல?"

"சொல்லப்படாது" என்றாள் அம்மா. ஆரஞ்சுச் சுளை அவள் கையிலேயே நசுங்கியது. "இவன் பொறந்ததுல இருந்து ஒரு நோம்பி நொடியில நான் தலை நிமுந்து பந்தி பரிமாறுனதில்ல. உன்ற வழி, உன்ற வழின்னு கேட்டுக் கேட்டு என்ற காது ரெண்டும் புண்ணாப் போச்சு. அதைய நீயும் கேக்கோணுமா? பாதிக்குப் பாதின்னா வராமயும் போகுமில்ல?"

"வந்துபோட்டா?"

"வந்தா அப்பப் பாத்துக்கலாம்."

"பாத்துக்கறது ஆரும்மா? நானில்ல?"

அம்மா அடுத்த ஆரஞ்சை எடுத்து உரித்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதால் அந்தக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. என் கால் போனது போனதுதான். அம்மாவின் இடத்தில் என் தங்கை போய் நின்று, வேறொரு வீட்டு அடுப்படியில் தலை குனிந்துகொண்டிருப்பதை நினைத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

கல்யாணம் மேட்டுப்பாளையம் ரோட்டு மண்டபத்தில். முந்தின நாளே கிரையோ ஏற்றிக்கொண்டேன். அப்பாவின் புதுத் திட்டம், நான் காலை நீட்டி உட்கார, மேலே பட்டு அங்கவஸ்திரத்தைப் பரப்பி மறைப்பது. நீட்டிய கால் மாப்பிள்ளையின் மடியில் போய் இடிக்கும் என்பதை அவர் அளந்து பார்க்கவில்லை. சடங்கை நடத்துகிற அருமைக்காரர், பழுத்த பெரியவர், மணவறையில் பலகைகளைச் சரிசெய்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான் வந்து உக்காருங்க சாமி."

பலகைகளுக்கு நடுவில் கால் நீட்ட இடமே இல்லை; மணவறைத் தூணைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தேன். "மெல்ல கண்ணு, மெல்ல" என்று அப்பா பின்னாலிருந்து அக்குளைத் தாங்கினார்.  முழங்கால் அதன் எல்லை வரை வந்து நின்றது. மேளம், கூட்டம், வீடியோக்காரனின் விளக்கு. இன்னும் கொஞ்சம் மடக்கினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மடக்கத்தான் போனேன்.

லோகப்பிரியா மாலையோடு எழுந்து நின்றாள்.

"அண்ணா, உக்காராத."

மேளக்காரர் அடித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டார். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, கதிர்வேலைப் பார்த்துத்தான் பேசினாள். குரல் முதலில் உடைந்தது, அப்புறம் நேரானது.

"ஏனுங்க, எங்கண்ணன் கபடியும் ஆடல, வண்டியில இருந்து உழுகவும் இல்லீங்க. அவனுக்குப் பொறவியிலயே ரத்தம் உறையாத சீக்கு. காலை மடக்குனா உள்ளயே ரத்தம் கசியும். இது பரம்பரையா வாரது. எனக்குள்ளயும் இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். எனக்குப் பொறக்கற பையனுக்கு வந்தாலும் வரும். தாலி ஏர்றதுக்கு முந்தி சொல்லோணும்னு பட்டுச்சு, சொல்லிப்போட்டேன். இனி உங்க இஷ்டமுங்க."

யார் வழி என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. முன்வரிசையில் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

கதிர்வேல் என் முழங்காலைப் பார்த்தார். எங்கள் சொந்தத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காலைத் திருட்டுத்தனமாகப் பார்த்தவர்கள்தான் அதிகம். நேராக அந்தக் காலையே பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"ரொம்ப வலிக்குங்களா மச்சான்?"

இந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்க "இல்லீங்க" என்றே சொல்லிப் பழகியிருந்தேன். "ஆமாங்க" என்றேன். சொன்னதும் கண் கலங்கிவிட்டது.

 அவர் அருமைக்காரர் பக்கம் திரும்பி, "ஒரு சேரு கொண்டாரச் சொல்லுங்க" என்றார். லோகப்பிரியாவிடம், "நீங்க உக்காருங்க. நாம ரெண்டு பேரும் போயி டாக்டரைப் பாத்துக்கலாம்" என்றார். அதுதான் பதில் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று.

இனி மண்டபமே ரெண்டாகும், பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுவார்கள் என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர்கள் எழுந்தார்கள்தான். ஆனால் சண்டை ரத்தத்தைப் பற்றி அல்ல, நாற்காலியைப் பற்றி. மாப்பிள்ளை கீழே பலகையில் இருக்கும்போது மச்சினன் எப்படி மேலே நாற்காலியில் உட்காரலாம்? கை கோர்த்தால் யார் கை மேலே, யார் கை கீழே? விரதக் கதையைப் பக்தியோடு நம்பிய அந்தத் தாய்மாமன்தான் எல்லோரையும்விடச் சூடாக இருந்தார். "சீக்கு ஆருக்கு வேணா வரும், அது வேற. முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?" கடைசியில் மாப்பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போட முடிவாயிற்று. இரண்டும் ஒரே உயரம்தானா என்று ஒருவர் சாண் போட்டுப் பார்த்தார். என் தங்கை தன் வாழ்க்கையைச் சபையில் பணயம் வைத்துப் பேசியதை அந்தச் சபை அரை நிமிஷத்தில் மறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கதிர்வேலின் கையைப் பிடித்துக்கொண்டேன். முழுப் பாட்டும் பாடினார்கள். அவருடைய கை என்னுடையதைவிட அதிகம் வியர்த்திருந்தது.

தாலி ஏறியது.

சம்பந்திப் பந்தியில் எனக்கும் ஒரு நாற்காலி, மேஜை. எனக்கு எதிரே கதிர்வேலின் அம்மா லட்சுமியம்மாள். அம்மா வாளியோடு பரிமாறி வந்தாள். அப்பா பக்கத்தில் நின்று, வேண்டியதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். லட்சுமியம்மாள் மணவறையில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மறந்துபோகிற ரகம் அல்ல அவர். பொரியலைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தச் சீக்கு ஆரு வழிங்க சம்பந்தி?"

அம்மாவின் கரண்டி வாளியில் நின்றது. தலை தானாகக் குனிந்தது. அப்பா வாயைத் திறந்தார். அடுத்து வரப்போகிற வார்த்தை எனக்கு மனப்பாடம். அந்த வார்த்தை இன்று அம்மாவோடு நிற்காது, கோபிசெட்டிபாளையம் வரை என் தங்கை கூடவே போகும்.

"என்ற வழிங்க" என்றார் அப்பா. "எங்க பெரியப்பாரு ஒருத்தரு இப்படித்தான் போனாருங்க."

அப்படி ஒரு பெரியப்பாரு கிடையாது. அப்பனிடமிருந்து மகனுக்கு இந்தச் சீக்கு வரவே வராது. பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குக்கூட அது தெரியும். யாராவது தப்பாகச் சொன்னால் படம் போட்டு விளக்குகிறவன் நான். வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தேன்.

லட்சுமியம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஆம்பளை வழிங்களா? நான் என்னமோன்னு பயந்துபோட்டேன். எல்லாரு ஊட்டுலயும் என்னமோ ஒண்ணு இருக்கத்தானுங்க செய்யுது. அந்த அவியலைக் கொஞ்சம் போடுங்க."

அவ்வளவுதான். விசாரணை முடிந்து அவியலுக்கு வந்துவிட்டது. அம்மா அவியலைப் போட்டாள், வரிசையைக் கடைசி இலை வரை முடித்தாள், சமையல்கட்டுப் பக்கம் போனாள். அப்பா பின்னாலேயே போனார். நானும் மேஜையைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டு போனேன். அண்டாக்களுக்கு நடுவில் ரசவாளியைக் கையில் பிடித்தபடி அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"அதான் செரியாப் போச்சில்ல. இப்ப எதுக்கு அளுகறே?" என்றார் அப்பா. அவருக்கு அவசரம், பந்தி காத்திருந்தது.

"என்ற தம்பி போனதுக்கும் நாந்தான், இவன் கால் போனதுக்கும் நாந்தான்னு இத்தனை வருசமா நான் கோயில் கோயிலாப் போயி மன்னிப்புக் கேட்டுட்டிருந்தேன்" என்றாள் அம்மா. "உங்க வழின்னு சொன்னா இவ்வளவு லேசாப் போயிருமுங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார்.  உள்ளேயிருந்து யாரோ ரசம் கேட்டார்கள். அப்பா அம்மாவின் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பந்திக்குப் போனார்.